படுக்கைக்குப் பக்கத்தில் என்ன இருக்கிறது

முப்பத்து நான்கு வயதில் ஓய்வு பெறுகிறேன் என்று சொன்னதும் சிரித்தீர்கள். சிரியுங்கள். வளைகுடாவில் நர்ஸ் வேலை பார்த்தவளுக்கு ஒரு வருஷத்தை இரண்டாகத்தான் எண்ண வேண்டும். அப்படி எண்ணினால் எனக்கு பென்ஷன் வயது எப்போதோ தாண்டிவிட்டது. கிளினிக்கில் கேக் வெட்டினார்கள். மேனேஜர் என்னைப் புகழ்ந்து பேசினார். வேறு யாருக்கோ எழுதி வைத்திருந்த பேச்சு அது என்று நினைக்கிறேன், ஏனென்றால் "மேலதிகாரிகளின் சொல்லைத் தட்டாதவர்" என்று அதில் ஒரு வரி வந்தது. டாக்டர் அந்த இடத்தில் இருமினார். பிறகு, புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது புத்தி சொல்லும்படி எனக்கு ஐந்து நிமிஷம் கொடுத்தார்கள். ஐந்து நிமிஷத்தில் சொல்ல முடிந்ததைச் சொன்னேன்: ஷூவை மட்டும் நல்லதாக வாங்குங்கள். மீதியை இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் பள்ளிக்கூடத்துக்குள் போய் உட்கார்ந்தவர்கள் யாரும் இல்லை. அப்பா போயிருக்கிறார், அதற்குச் சுற்றுச்சுவர் கட்ட. அந்தச் சுவருக்கு உள்ளே படித்து, நர்சிங் முடித்து, விமானம் ஏறினேன். இதை நான் அடக்கமாகச் சொல்வது கிடையாது. தாத்தா காலத்திலிருந்து படித்த குடும்பத்தில் பிறந்துவிட்டு, நோயாளியிடம் மாத்திரையை எப்போது போட வேண்டும் என்று புரியும்படி சொல்லத் தெரியாதவர்கள் அடக்கமாக இருக்கட்டும்.

ஊசி போடுவது, டிரிப் ஏற்றுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும். தெரியாவிட்டாலும் இங்கே யாராவது கத்திக் கற்றுக்கொடுப்பார்கள். யாரும் கற்றுக்கொடுக்காத ஒரு கேள்வி இருக்கிறது. அது எனக்கு எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். குணங்களை மாற்றவில்லை.

எங்கள் கிளினிக் அப்போது குவைத்தின் ஃபர்வானியாவில் ஒரு பழைய கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்தது. பக்கத்துக் கதவு ஒரு பக்காலா, அதாவது மளிகைக் கடை. மேல் மாடிகள் முழுக்க நம் ஊர் ஆண்கள், ஒரு ரூமுக்கு ஆறு பேர். டாக்டர் ஹைதராபாத்காரர், நல்ல மனிதர். அவருக்குத் தெரிந்த நோய்கள் இரண்டு. ஒன்று கேஸ், அதாவது வயிற்றில் வாயு; மற்றது டென்ஷன். கேஸுக்கு மாத்திரை கொடுப்பார். டென்ஷனுக்கு "கர் கோ போன் கரோ", வீட்டுக்கு போன் பண்ணு என்பார். வீட்டுக்கு போன் பண்ணியதால்தான் அந்த ஆளுக்கு டென்ஷனே வந்தது என்பதை அவரிடம் யாரும் சொன்னதில்லை.

தங்கராசு அண்ணன் முதலில் கேஸாகத்தான் வந்தார். பெரம்பலூர் பக்கம். அபு நாசர் என்ற குவைத்தி நடத்திய சின்ன டிரான்ஸ்போர்ட் கம்பெனியில் பிக்கப் ஓட்டினார். நெஞ்சு எரிகிறது என்றார், மாத்திரை வாங்கிக்கொண்டு போனார். மறுபடி வந்தார். மறுபடியும் வந்தார். மூன்றாவது தடவை அவருக்குப் பிரஷர் பார்த்தபோது ஆள் பாதியாக இளைத்திருந்ததைக் கவனித்தேன். அவருடைய தம்பியை விசா எடுத்து இங்கே கூட்டி வந்தவர் அவர்தான். தம்பி ரிங் ரோட்டில் ஒரு விபத்தில் போய்விட்டான். சவப்பெட்டியோடு ஊருக்குப் போன அண்ணன், லீவ் முடிந்ததும் திரும்பி வந்து அதே ரோட்டில் பிக்கப் ஓட்டிக்கொண்டிருந்தார். டூட்டி டூட்டிதானே.

சாவைப் பற்றிக் கேட்டால் இல்லாத நினைப்பை நாமே கிளப்பிவிடுவோம் என்று உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். சொன்னவர்கள் யாரும் கேட்டுப் பார்த்தவர்கள் இல்லை. நான் கேட்டேன்.

"அண்ணே, இருந்து என்னத்துக்குன்னு தோணுதா?"

சட்டைக் கையை இறக்கி விட்டுக்கொண்டார். "தோணுது சிஸ்டர்."

"செத்துப்போயிடணும்னு?"

"ம்." பிறகு, நான் வருத்தப்படுவேனோ என்று பயந்தவர் போல, "எப்பவும் இல்ல. விடியக்காலைல மட்டும்" என்றார்.

டாக்டரிடம் சொன்னேன். அவர் முகம் வெளுத்தது, ஆனால் தங்கராசு அண்ணனுக்காக அல்ல.

"ஏன் கேட்டீங்க சிஸ்டர்? நீங்க கேட்டதாலதானே அவன் சொன்னான்! கேட்காம இருந்திருந்தா கேஸ்னு எழுதியிருக்கலாமே!"

அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. இப்படி ஒரு விஷயம் போலீஸ் வரை போனால், அதற்கு அடுத்தது ஊருக்கு டிக்கெட்தான் என்று இங்கே எல்லோரும் நம்பினார்கள். வாழப் பிடிக்கவில்லை என்று சொன்னவனுக்குப் பிழைப்பும் இல்லாமல் செய்துவிட்டால் குணமாகிவிடுவான் என்பது ஒரு வைத்திய முறை போலிருக்கிறது. எங்கள் பாடப் புத்தகத்தில் அது இல்லை.

கடைசியில் டாக்டர் கவர்மெண்ட் ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவுக்குச் சீட்டு எழுதினார். தேதி தள்ளித்தான் கிடைத்தது. அதுவரை என்ன செய்வது? தங்கராசு அண்ணனிடம் கேட்டு, அவர் தலையாட்டிய பிறகு, அவருடைய ரூம்காரர் ஜாஃபர் பாயிடம் பேசினேன். பக்கத்து பக்காலாவை நடத்தியவர் அவர்தான். ராமநாதபுரத்துக்காரர். ஊரில் யாருக்கு என்ன என்றாலும் முதலில் அவருக்குத்தான் தெரியும், இரண்டாவதாக எல்லோருக்கும் தெரியும்.

"ஆளைத் தனியா விடாதீங்க பாய். ரூம்ல கண்ட மாத்திரையும் கிடந்தா எடுத்து வெளிய போடுங்க. இதை வெளிய பரப்பாதீங்க."

"நான் ஏன் சிஸ்டர் பரப்பப் போறேன்?" என்று மனம் நொந்து கேட்டார்.

ரூமே கூடிப் பேசியது. என் சொற்படி எல்லாம் செய்தார்கள். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் நம் ஆட்களுக்கு இரக்கம் வந்துவிட்டால் கூடவே யோசனையும் வந்துவிடும். ஆறு பேர் நெருக்கியடித்துப் படுக்கிற ரூம், கீழே வண்டிச் சத்தம், தம்பி படுத்திருந்த கட்டில் கண்ணெதிரே. இதிலிருந்தால் மனசு எப்படித் தேறும்? ஒரு மாற்றம் வேண்டும். இரண்டு பேர் போய் அபு நாசரிடம், தம்பி போன துக்கத்தில் இவருக்கு மனசு சரியில்லை, அமைதியான இடத்தில் கொஞ்ச நாள் வேலை கொடுத்தால் நல்லது என்று சொன்னார்கள்.

அபு நாசர் இளகிய மனசுக்காரர். உடனே ஒப்புக்கொண்டார்.

குளிர்காலம் வந்தால் குவைத்திகள் பாலைவனத்தில் கூடாரம் போடுவார்கள். வார விடுமுறைக்குக் குடும்பத்தோடு போய்த் தங்கி, ஆடு சமைத்து, நெருப்பு மூட்டிக் குளிர் காய்ந்துவிட்டு வருவார்கள். அப்போதெல்லாம் விடுமுறை வியாழனும் வெள்ளியும். மற்ற நாட்களில் அந்தக் கூடாரத்துக்குக் காவலாக ஒரு ஆள் தனியாக இருப்பார். அந்த வேலைக்குத் தங்கராசு அண்ணனை அனுப்பி வைத்தார்கள். தனியாக விடாதீர்கள் என்று நான் சொன்னதை, கண்ணுக்கெட்டிய தூரம் வரை மனிதர் இல்லாத ஒரு இடத்துக்கு அவரை அனுப்பி நிறைவேற்றினார்கள்.

எனக்கு இது தெரிந்தது ஒரு திங்கட்கிழமை மதியம், கிளினிக்கை மதிய இடைவேளைக்கு மூடும்போது. பக்காலாவில் பால் வாங்கப் போனேன். ஜாஃபர் பாய் புது ஜாக்கெட் ஒன்று போட்டுக்கொண்டு கல்லாவில் மலர்ந்து உட்கார்ந்திருந்தார்.

"நம்ம தங்கராசு இப்ப ராஜா மாதிரி இருக்கான் சிஸ்டர். நல்ல காத்து. மூணு ஆடு. ஜெனரேட்டர், டிவி எல்லாம் உண்டு. டெய்லி சாயங்காலம் அசர் தொழுகை நேரத்துக்கு ஒரு மிஸ்டு கால் கொடுக்கச் சொல்லியிருக்கேன், நல்லா இருக்கேன்னு அர்த்தம். முதலாளிக்கு அவன் மேல என்னா நம்பிக்கைங்கறீங்க! வேட்டைத் துப்பாக்கியையே அவன் பொறுப்புல விட்டுட்டு வந்திருக்காருன்னா பாருங்க!"

பால் பாக்கெட்டைக் கீழே வைத்தேன்.

"எதை?"

"துப்பாக்கி சிஸ்டர். ராத்திரி நாய், நரி வருமாம். படுக்கைக்குப் பக்கத்துலயே வச்சுக்கன்னு சொல்லிட்டு வந்திருக்காரு. பெத்த மகனுக்குக்கூடத் தர மாட்டாங்க."

அந்த ஜாக்கெட் ஏது என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"இதா? அவன் தம்பியோடது. போகும்போது என்கிட்ட கொடுத்து, நீங்க போட்டுக்கங்க பாய், எனக்கு வேணாம்னு சொன்னான். பாலைவனத்துக் குளுருக்குப் போறவன், ஜாக்கெட்டை எனக்குத் தர்றான் பாருங்க. அவ்ளோ பாசம்."

பேச்சு முடியும்போது அவர் குரல் இறங்கிவிட்டது. ஜாக்கெட்டின் ஜிப்பை மெதுவாகக் கீழே இறக்கினார்.

"போன் பண்ணுங்க பாய்."

"டெண்ட்டுல சிக்னல் கிடையாது சிஸ்டர். தூரத்துல ஒரு தண்ணி டேங்க் இருக்கு, அது மேல ஏறி நின்னாத்தான் கிடைக்கும். அசருக்குத்தான் ஏறுவான்."

இங்கேதான் நீங்கள் என்ன செய்வீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். போலீஸைக் கூப்பிடலாம். துப்பாக்கி போகும், கூடவே ஆளும் போவார். டாக்டரிடம் சொல்லலாம். "அவர் இப்போது நம் நோயாளி இல்லையே, பாலைவனத்தின் நோயாளிதானே" என்பார். மூன்றாவது வழி அபு நாசர். அவரிடம் உண்மையைச் சொன்னால், பயந்து அன்றைக்கே ஆளை ஊருக்கு அனுப்பிவிடுவாரோ என்று எனக்குப் பயம். சொல்லாவிட்டால் துப்பாக்கி அங்கேயே இருக்கும். உண்மையைச் சொல்லாமல் துப்பாக்கியை மட்டும் எடுக்க வைக்க வேண்டும். கடையைச் சாத்தச் சொல்லி, ஜாஃபர் பாயின் டெலிவரி வண்டியில் ஏறினேன்.

மதியத் தூக்கத்தில் இருக்கும் ஒரு குவைத்தியை எழுப்புவது எவ்வளவு பெரிய குற்றம் என்பது உங்களுக்குப் போகப் போகப் புரியும். அபு நாசர் கண்ணைக் கசக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தார். நர்ஸ் உடுப்பில் ஒரு பெண் நிற்பதைப் பார்த்துக் கொஞ்சம் பதறினார். எனக்கு அரைகுறை அரபி. மீதிக்கு ஜாஃபர் பாய். நான் ஒரு வாக்கியம் சொன்னால் அதற்கு முன்னால் ஒரு மன்னிப்பு, பின்னால் ஒரு மன்னிப்பு சேர்த்து மொழிபெயர்த்தார்.

முதலில் சட்டத்தைப் பிடித்தேன். படித்தவள் அல்லவா. "துப்பாக்கிக்கு லைசென்ஸ் உங்கள் பெயரில். கையில் வைத்திருப்பவர் வெளிநாட்டுக்காரர். சோதனைக்கு வந்தால் உங்களுக்குத்தானே சிக்கல்?"

அபு நாசர் வாய்விட்டுச் சிரித்தார். அந்தப் பக்கத்துக்குச் சோதனைக்கு வரும் அதிகாரி அவருடைய பெரியப்பா மகனாம். வெள்ளிக்கிழமை அதே கூடாரத்துக்குச் சாப்பிட வருவாராம். சட்டம் என்பது மற்றவர்களுக்கு என்பதை நான் மறந்துவிட்டேன்.

அடுத்து, குறி தவறிச் சுட்டுவிட்டால் என்று ஆரம்பித்தேன். "நஃபர் ஜைன். மாஃபி முஷ்கிலா" என்று கையை அசைத்தார். ஆள் நல்லவன், ஒன்றும் பிரச்சினை இல்லை. பிறகு கதவைப் பிடித்துக்கொண்டு, "சரி, புக்ரா, புக்ரா. நாளைக்குப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்" என்றார். இந்த நாட்டில் நாளைக்கு என்பது ஒரு கிழமையின் பெயர் அல்ல.

"பாய், நான் சொல்றதை அப்படியே சொல்லுங்க. மன்னிப்பு எதுவும் சேர்க்காதீங்க" என்றேன்.

"சொல்லுங்க சிஸ்டர்."

"உங்கள் மகன் நாசருக்கு ஒரு மாதமாகத் தூக்கம் இல்லை, சாப்பாடு இல்லை, தன் பொருளையெல்லாம் எடுத்து மற்றவர்களுக்குக் கொடுக்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவன் தலைமாட்டில் துப்பாக்கியை வைத்துவிட்டு வருவீர்களா?"

ஜாஃபர் பாய் அப்படியே சொன்னார். ஒரு மன்னிப்பும் சேர்க்கவில்லை.

அபு நாசர் கதவைப் பிடித்திருந்த கையை எடுத்தார். "ஹுவ ஸஅலான்?" என்று கேட்டார். அவன் துக்கத்தில் இருக்கிறானா?

"ஸஅலான் வாயித்" என்றேன். ரொம்பத் துக்கம்.

அதற்கு மேல் எதுவும் கேட்கவில்லை. சாவு என்ற வார்த்தையை அவரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. உள்ளே போனார், கார்ச் சாவியோடு வந்தார். வீட்டு உடுப்போடு, தலையில் துணிகூட இல்லாமல். இப்படி ஒரு குவைத்தி ரோட்டுக்கு வந்து நான் அதுவரை பார்த்ததில்லை. நானும் வருகிறேன் என்றபோது, வேண்டாம் என்று கையைக் காட்டினார். "கும்பலாகப் போனால் வெட்கப்படுவான்" என்று சொன்னதாக ஜாஃபர் பாய் சொன்னார். எனக்குத் தோன்றியிருக்க வேண்டியது அது.

கூடாரத்துக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஓட வேண்டும். நாங்கள் பக்காலாவுக்குத் திரும்பினோம். நான் அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து ஜாஃபர் பாயின் போனைக் கையில் வைத்துக்கொண்டேன். அசர் பாங்கு சொன்னார்கள். மிஸ்டு கால் வரவில்லை. தொழுகை முடிந்து ஆட்கள் சோப்பு வாங்க வந்தார்கள். வரவில்லை. ஜாஃபர் பாய் சில்லறையை மாற்றி மாற்றிக் கொடுத்துத் திட்டு வாங்கினார். நான் அந்தச் சின்னத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒரே ஒரு மணி அடித்து நின்றது. உடனே திருப்பிக் கூப்பிட்டேன்.

"யாரு, சிஸ்டரா? நீங்க எங்க பாய் போன்ல?" காற்று இரைந்தது. "சும்மாத்தான் கூப்புட்டேன். சொல்லிக்கலாம்னு. பாய்கிட்ட அந்த ஜாக்கெட்டை அவரே வச்சுக்கச் சொல்லுங்க."

அப்போது எனக்கு ஒன்று புரிந்தது. என்னோடு பேசும் வரை இவர் தண்ணீர் டேங்க் மேல் நிற்கிறார். துப்பாக்கி கூடாரத்தில் இருக்கிறது. பேச்சு நின்றால் இறங்குவார். ஆகவே பேச்சு நிற்கக் கூடாது. நல்லவேளை, வாயை மூடத் தெரியாதவள் என்றுதான் என் சர்வீஸ் முழுக்கப் பெயர் எடுத்திருந்தேன்.

"அண்ணே, அந்தத் துப்பாக்கியைப் பக்கத்து டெண்ட் காவக்காரர்கிட்ட கொடுத்து வைங்களேன். எனக்குப் பயமா இருக்கு."

"அது எப்புடி சிஸ்டர்? அமானத்து அது. முதலாளி என்னைய நம்பி விட்டுட்டுப் போன பொருளு. இன்னொருத்தன் கையில தருவனா?"

அந்த நேரத்திலும் ஆளுக்கு அதில் ஒரு கௌரவம். நான் அந்தப் பேச்சை விட்டேன்.

"ஆடு எப்படி இருக்கு?"

"ஆடா?"

"மூணு ஆடு இருக்காமே. பேர் வச்சீங்களா?"

"ஆட்டுக்கு யாராச்சும் பேர் வப்பாங்களா? வெள்ளிக்கிழமை வந்தா பிரியாணி ஆயிரும்."

"அதுவரைக்கும் கூப்பிடறதுக்கு ஒரு பேர் வேணாமா? பெரம்பலூர்க்காரங்களுக்கு ஆடு வளர்க்கத் தெரியாதுன்னு கேள்விப்பட்டது சரிதான் போல."

"யாரு சொன்னா?" குரலில் முதல்முறையாக ஒரு சூடு. "எங்கூட்ல நாப்பது ஆடு நின்னுச்சு சிஸ்டர். என் தம்பி ஒரு குரல் குடுத்தான்னா அம்புட்டும்..."

காற்று மட்டும் கேட்டது. என் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"சொல்லுங்கண்ணே. குரல் கொடுத்தா?"

"அம்புட்டும் ஓடியாரும்."

அதன் பிறகு அவர் தம்பியைப் பற்றிப் பேசினார். நான் கேட்டேன். தம்பி நீச்சல் கற்றது, பத்தாவதில் பெயிலானது, இங்கே வந்த முதல் வாரம் லிஃப்டில் ஏறப் பயந்தது. நடுவில் போனில் காசு தீர்ந்து லைன் அறுந்தது. ஜாஃபர் பாய் ரீசார்ஜ் கார்டு ஒன்றைப் பிய்த்து, நகத்தால் சுரண்டி, நம்பரைத் தப்புத் தப்பாகப் படித்தார். "எட்டா மூணா பாய், சரியாப் பாருங்க!" என்று கத்தினேன். மறுபடி கூப்பிட்டபோது அவர் எடுத்தார். இறங்கவில்லை. நான் கூப்பிடுவேன் என்று நின்றிருக்கிறார்.

கிளினிக்கில் சாயங்கால டூட்டி தொடங்கிவிட்டது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டாக்டரே வந்து நின்று கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார். நான் பதிலுக்கு ஆட்டிய கைக்கு என்ன அர்த்தம் என்று அவர் பிற்பாடு கேட்கவில்லை.

"சிஸ்டர், கால் மரத்துப் போச்சு. எறங்கட்டுமா?"

"இன்னும் ஒரே ஒரு விஷயம். மாத்திரை சாப்பிட்டீங்களா?"

"கேஸ் மாத்திரையா?"

"ஆமா."

"அது ஒண்ணுக்கும் ஆவல சிஸ்டர்."

"தெரியும்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்புக்கு நடுவில், காற்றுக்குப் பின்னால், ஒரு கார் ஹார்ன் கேட்டது.

"முதலாளி வண்டி மாதிரி இருக்கு. இன்னிக்குத் திங்கள்தானே? எதுக்கு வந்தாரு?"

"எனக்கென்ன தெரியும்?"

"போறேன் சிஸ்டர். டீ போடணும்."

போனை வைத்த பிறகுதான் என் உடுப்பு வியர்வையில் நனைந்திருப்பது தெரிந்தது. ஜனவரி மாதத்தில்.

அபு நாசர் செய்ததைப் பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். துப்பாக்கியை எடுத்துத் தன் கார் டிக்கியில் போட்டுப் பூட்டினார். மச்சான் பையன் நாளைக்குப் புறா சுட வேண்டும் என்று உயிரை எடுக்கிறான் என்றார். என் லைசென்ஸ் சாக்கைவிட எவ்வளவு நயமான பொய் பாருங்கள். பிறகு வீட்டில் சண்டை, இன்றைக்கு இங்கேதான் படுக்கை என்று சொல்லிக் கூடாரத்திலேயே தங்கிவிட்டார். காலையில் ஆளைக் கையோடு ஊருக்குள் கூட்டி வந்தார். டிக்கெட் எடுக்கவில்லை. நான் அவரைத் தப்பாக நினைத்திருந்தேன். யாரிடமோ பேசி மனநல டாக்டரின் தேதியை முன்னால் கொண்டுவந்து, தானே கூட்டிப் போய், வராந்தாவில் ஜபமாலையை உருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தெரிந்தவர்கள் யாரோ பார்த்து இங்கே என்ன என்று கேட்டபோது, எனக்குத்தான் வயிற்றில் கேஸ் என்றாராம்.

எனக்கு டூட்டி நேரத்தில் மளிகைக் கடையில் உட்கார்ந்து போன் பேசியதற்காக ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன். என் சர்டிபிகேட்டுகளிலேயே அதுதான் நான் உண்மையாகச் சம்பாதித்தது.

மருந்து சாப்பிட்டு ஆள் கொஞ்சம் தேறிய பிறகு ஒரு நாள் தங்கராசு அண்ணன் கிளினிக்குக்கு வந்தார். யாரும் இல்லாத நேரம் பார்த்துச் சொன்னார்.

"அன்னிக்கு விடியக்காலைல முழிப்பு வந்துச்சு சிஸ்டர். எப்பவும் வர்ற மாதிரிதான். கை தானா அந்தப் பக்கம் போச்சு. ஒண்ணும் இல்ல. வெறும் பாயி."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. அப்புடியே கெடந்தேன். அந்தப் பக்கம் முதலாளி கொறட்டை. ஆடு கத்துச்சு. எந்திரிச்சுப் போயி தீனி வச்சேன். விடிஞ்சிருச்சு."

இவ்வளவுதான். இதற்கு மேல் என்னிடம் ரகசியம் எதுவும் இல்லை. துப்பாக்கி அதிகம் புழங்கும் ஊர்களில் தற்கொலைச் சாவும் அதிகம் என்று இதை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். அந்த ஊர்க்காரர்களின் துக்கம் நம் துக்கத்தைவிடப் பெரியது என்று இதற்கு அர்த்தம் இல்லை. துக்கம் எல்லா ஊரிலும் ஒரே அளவுக்குத்தான் கனக்கிறது. விடியக்காலையில் கை நீளும்போது அங்கே என்ன இருக்கிறது என்பதில்தான் வித்தியாசம். சாக நினைத்தவன் ஒரு வழி இல்லாவிட்டால் இன்னொரு வழி தேடிப் போய்விடுவான் என்று மேதாவிகள் உங்களிடம் சொல்வார்கள். அவர்களில் ஒருவர்கூடக் கேட்டுப் பார்த்திருக்க மாட்டார். பெரும்பாலானவர்கள் தேடிப் போவதில்லை. ஆடு கத்துகிறது, விடிந்துவிடுகிறது.

நமக்கெல்லாம் ஏது துப்பாக்கி, இது அமெரிக்காவா என்று கேட்காதீர்கள். நம் ஆட்களுக்குச் சொந்தமாக இல்லைதான். அவர்கள் காவல் காக்கும் பண்ணையில் இருக்கிறது, கூடாரத்தில் இருக்கிறது, ஓட்டும் காரின் டிக்கியில் இருக்கிறது. துப்பாக்கி இல்லையென்றால் வேறு ஏதாவது இருக்கும். ஆகவே மனசு சரியில்லாமல் ஒருவர் வந்தால், கடவுளை நம்பு, குழந்தைகளை நினை என்று பிரசங்கம் பண்ணாதீர்கள். அதற்கு ஊரில் ஆள் நிறைய இருக்கிறது. சாகத் தோன்றுகிறதா என்று நேராகக் கேளுங்கள். ஆம் என்றால், எங்கே படுக்கிறாய், பக்கத்தில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அவர் இடம் மாறினால் மறுபடி கேளுங்கள். இருப்பதை அன்றைக்கே எடுக்க வையுங்கள். புக்ரா வேண்டாம். ஹாஸ்டல் கட்டிலில் அந்த விடியக்காலை உங்களுக்கே வந்தால், எதிர்க்கட்டில்காரியை எழுப்புங்கள். திட்டுவாள், எழுந்துவிடுவாள்.

டாக்டர் என் கேள்வியைக் கடைசி வரை ஏற்றுக்கொள்ளவில்லை. "சிஸ்டர் நோயாளிகளிடம் கட்டில், மெத்தை விசாரிக்கிறார்" என்று எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பார். நீங்களும் கேளுங்கள். அவர் சிரிக்கட்டும், கேஸுக்கு நல்லது.

தங்கராசு அண்ணன் அடுத்த வருஷமே ஊருக்குத் திரும்பி, அங்கே வேன் ஓட்டுகிறார். எல்லாப் பொங்கலுக்கும் போன் வரும். மிஸ்டு கால்தான், நான்தான் கூப்பிட வேண்டும். புறா சுடும் மச்சான் பையன் என்று ஒருவன் உலகத்தில் இல்லை என்பதை ஜாஃபர் பாய் எப்போதோ அவரிடம் உளறிவிட்டார். அதிலிருந்து அவருக்கு என் மேல் கோபம்.

"என்னைய நம்பிக் குடுத்த பொருளை, நீங்க போட்டுக் குடுத்துத்தானே வந்து வாங்கிட்டுப் போனாரு? எனக்கு எம்புட்டு அவமானம் சிஸ்டர்? ஒரு வார்த்தை என்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேனே. தர மாட்டேன்னீங்க."

"அதுக்காக? நீங்க செஞ்சது தப்புதான்."

இந்தப் பொங்கலுக்கும் திட்டினார். நன்றாகவே திட்டினார்.